எம்3 (மேத்ஸ் மூணாம் பேப்பர்) கணக்குக்கு கம்ப்யூட்டர் லேப் எதுக்கு?

கேள்வி: நான் இசிஇ ரெண்டாம் வருஷம். வாரம் ஒரு தடவை மேத்ஸுக்கு கம்ப்யூட்டர் லேப் வச்சிருக்காங்க, ஸ்டாஃப் குடுக்கற புரோகிராம் கோடை அப்படியே டைப் பண்றோம், கிராஃபை பிரிண்ட் எடுத்து ரெக்கார்டுல ஒட்டி சைன் வாங்கறோம், அவ்ளோதான். இதுல கணக்கு எங்க சார் இருக்கு, நோட்டுல போட்டா போதாதா?
- மாணவி, ஈரோடு

பதில்: நீ சொல்றது லேப் இல்லம்மா, டைப்ரைட்டிங் கிளாஸ். ஆனா அதே கோடை வச்சே நோட்டுல கிடைக்காத ஒண்ணைப் பார்க்கலாம். ஃபூரியர் சீரிஸ்ல, அதாவது ஒரு அலையை சைன், காஸ் அலைகளோட கூட்டலா எழுதறதுல, +1, -1னு மாறுற ஸ்கொயர் வேவ் போட்டிருப்ப, பிஎன்னு சொல்ற கெழுக்களைக் கண்டுபிடிச்சு கடைசி லைன்ல ஒரு தொடர் எழுதிட்டா முழு மார்க், அதோட அடுத்த கணக்குக்குப் போயிடுவோம். அந்தத் தொடரை லேப்ல கூட்டிப் பாரு. 5 டெர்ம் வச்சா நெளிநெளியா வரும், 50 வச்சா கிட்டத்தட்ட சதுரம், ஆனா அலை குதிக்கிற மூலையில ஒரு கொம்பு 1.18 வரைக்கும் நீட்டிக்கிட்டு நிக்கும். கோடு தப்புன்னு நினைச்சு 500 வச்சாலும் கொம்பு ஒல்லியாகி மூலையோட ஒட்டிக்குமே தவிர உயரம் குறையாது, குதிக்கிற உயரத்துல சுமார் 9 சதவீதம் எப்பவும் மிச்சம் இருக்கும். இதுக்கு கிப்ஸ்ங்கற விஞ்ஞானி பேரை வச்சுட்டாங்க, அவர் 1899ல நேச்சர் பத்திரிகையில விளக்கம் எழுதினார், ஆனா வில்பிரகாம்னு ஒருத்தர் 1848லயே எழுதி, யாரும் கண்டுக்கல பாவம். மைக்கேல்சன்னு ஒரு ஃபிசிக்ஸ் விஞ்ஞானி 1898ல பல்சக்கரமும் ஸ்பிரிங்கும் வச்சு 80 டெர்ம் கூட்டுற மெஷினே செஞ்சிருந்தார், உனக்கு நாலு லைன் கோடு போதும்.

அதனால அடுத்த லேப்ல ரன் அடிக்கறதுக்கு முன்னாடி கிராஃப் எப்படி வரும்னு கையால வரைஞ்சு வை, அப்புறம் டெர்ம் எண்ணிக்கையை நீயே மாத்து. எங்க ரெண்டும் ஒத்துப்போகலையோ அங்கதான் கணக்கு இருக்கு. வீட்டுல மாட்லாப் (லேப்ல ஓட்டற கணக்கு சாஃப்ட்வேர்) இல்லன்னா அதே மாதிரியான ஆக்டேவ் இலவசம், சின்ன கோடெல்லாம் பெரும்பாலும் அப்படியே ஓடும். சைலேபும் இலவசம்தான், ஐஐடி பாம்பேயோட ஸ்போக்கன் டுடோரியல்ல தமிழ்லயே கேட்டுக் கத்துக்கலாம்.

கேள்வி: பையன் முதல் வருஷம் மெக்கானிக்கல். ஃபிசிக்ஸ் பிராக்டிகல்ல பாதி கம்ப்யூட்டர்லயே முடிச்சிடறாங்களாம், இது சரியா?
- ஒரு அப்பா, திண்டுக்கல்

பதில்: பாதி சரி சார். பெண்டுலத்தை எடுத்துக்குங்க, புத்தகத்துல வர்ற ஃபார்முலா சின்ன ஆங்கிளுக்கு மட்டும்தான், 90 டிகிரியில விட்டா ஒரு ஆட்டத்துக்கு ஆகுற நேரம் ஃபார்முலாவை விட 18 சதவீதம் அதிகம். கையால போட்டா முதல் வருஷப் பசங்களுக்கு மண்டை காஞ்சிடும், கம்ப்யூட்டர் ஒரு நொடியில காட்டிடும். ஆனா நூல் நழுவறது, ஸ்டாப் வாட்சை அமுக்குற விரல் லேட்டாகறது, பத்து ரீடிங்கும் பத்து விதமா வர்றது இதெல்லாம் ஸ்கிரீன்ல வராது. நிஜ லேபைப் பூட்டிட்டு இதைக் காட்டறாங்கன்னா எச்ஓடியை (துறைத் தலைவரை) பார்த்து தாராளமா கேளுங்க, ஃபீஸ்ல லேப் காசும் சேர்த்துதானே வாங்கறாங்க.