ஹார்டுவேர் கடைப் பொருட்களை வைத்து வளையல், கைப்பை அலங்கரிக்க முடியுமா?

தாராளமாக முடியும். இது புதிதும் இல்லை. நியூயார்க்கில் கார்ட்டியே நகை நிறுவனத்துக்காக வடிவமைப்பாளர் ஆல்டோ சிபுல்லோ 1969-இல் திருப்புளியால் திருகி மூடும் தங்க வளையலையும், 1971-இல் வளைத்த ஆணி வடிவ வளையலையும் உருவாக்கினார்.

முதலில் செய்துபார்க்க ஏற்றது, பித்தளை நட் கோத்த பின்னல் காப்பு. எம்4 அளவு (4 மில்லிமீட்டர் போல்ட்டில் மாட்டும்) நட்டும் 2 மில்லிமீட்டர் பருத்திக் கயிறும் போதும். மூன்று இழையாகச் சடை போலப் பின்னத் தொடங்குங்கள். இரண்டு விரற்கடை பின்னியதும், வெளி இழையை நடுவுக்குக் கொண்டுவரும் முன் அதில் ஒரு நட்டைக் கோத்து, பின்னலை ஒட்டித் தள்ளி, கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே இழையை மடியுங்கள். அப்புறம் வலது, இடது என்று மாறி மாறி இப்படியே. இழை தொய்ந்தால் அழகே போய்விடும்.

கடைக்குக் காந்தம் ஒன்று கொண்டுபோங்கள். ஒட்டினால் அது முலாம் பூசிய இரும்பு, வியர்வையில் துருப்பிடிக்கும். அசல் பித்தளையும் தோலில் பச்சையாகப் படியலாம், அதிலுள்ள செம்புதான் காரணம். புளி போட்டுத் தேய்த்துக் கழுவி, நன்றாகக் காயவைத்து, நிறமில்லாத நெயில் பாலிஷ் பூசினால் கொஞ்ச காலம் தாங்கும். நிக்கல் முலாம் சிலருக்கு அரிப்பு தரும். காதணிக்கு அது வேண்டவே வேண்டாம்.

கைப்பைக்கு, நடுவில் ஓட்டையுள்ள தட்டை வளையமான வாஷர்தான் என் தேர்வு. பசை போட்டு ஒட்டாதீர்கள், ஓட்டை வழியாகத் தைத்துவிடுங்கள். அதற்கு முன் ஓட்டையின் விளிம்பை உப்புத்தாளால் தேயுங்கள், இல்லாவிட்டால் நூல் அறுந்துவிடும்.