அச்சு நாடுகள், நேச நாடுகள்: கேட்டவையும் சொன்னவையும்

இரண்டாம் உலகப் போரில் மோதிய இரண்டு அணிகளையும் (ஜெர்மனி, இத்தாலி, ஜப்பான் சேர்ந்த அச்சு நாடுகள்; பிரிட்டன், அமெரிக்கா, சோவியத் முதலியவை சேர்ந்த நேச நாடுகள்) அவற்றின் தலைவர்களையும் பற்றி நிறையக் கேள்விகள் வந்துள்ளன. வந்த வரிசையிலேயே பதில் எழுதுகிறேன். நான் பல வருடங்களாகப் படித்து வருவது ஒப்பந்தங்களையும் ராஜதந்திரத்தையும்தான். ஒரே ஒரு வேண்டுகோள்: ஒரு நாடு எந்த அணி என்று கேட்டால் எந்த ஆண்டு என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். இந்தப் போரில் வருடம் மாறினால் அணியும் மாறிவிடும்.

‘அச்சு நாடுகள்’ என்ற பெயர் எப்படி வந்தது? ஜப்பான் முதலிலிருந்தே அதில் இருந்ததா?

இல்லை. 1936 நவம்பர் 1-இல் மிலான் நகரில் பேசிய இத்தாலியின் தலைவர் முசோலினி, ரோமையும் பெர்லினையும் இணைக்கும் கோடுதான் ஐரோப்பா சுழலப்போகும் அச்சு என்றார். பெயர் அங்கிருந்து வந்தது. அதே மாதம் ஜெர்மனியும் ஜப்பானும் கம்யூனிச எதிர்ப்பு ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்திட்டன, ஆனால் அது ராணுவக் கூட்டணி அல்ல. மூன்று நாடுகளும் ஒன்றாக முத்தரப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது 1940 செப்டம்பர் 27-இல், பெர்லினில். ஜெர்மனிக்கு வெளியுறவு அமைச்சர் ரிப்பன்ட்ராப், இத்தாலிக்கு வெளியுறவு அமைச்சர் சியானோ, ஜப்பானுக்குத் தூதர் குருசு. அடுத்த வருடம் அமெரிக்கக் கடற்படைத் தளமான பேர்ல் ஹார்பரை ஜப்பான் தாக்கியபோது வாஷிங்டனில் பேச்சுவார்த்தைக்காக உட்கார்ந்திருந்த சிறப்புத் தூதரும் இதே குருசுதான்.

ஹிட்லரும் ஜப்பான் பிரதமர் டோஜோவும் எத்தனை தடவை சந்தித்தார்கள்?

ஒரு தடவைகூட இல்லை. ரூஸ்வெல்ட்டும் சர்ச்சிலும் பத்துத் தடவையாவது நேரில் உட்கார்ந்து பேசினார்கள்.

ஜப்பான் அமெரிக்காவைத் தாக்கியதால், ஒப்பந்தப்படி ஹிட்லரும் அமெரிக்கா மீது போர் அறிவிக்க வேண்டியதாயிற்று என்று பள்ளியில் படித்தேன். சரியா?

சரியில்லை. இதற்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல ஆசைப்படுகிறேன், ஏனென்றால் இரண்டு அணிகளுக்கும் உள்ள வேறுபாடே இந்த இடத்தில்தான் தெரிகிறது.

முத்தரப்பு ஒப்பந்தத்தின் மூன்றாம் பிரிவு, நம்மில் ஒருவரை இப்போது போரில் இல்லாத ஒரு நாடு தாக்கினால் மற்றவர்கள் உதவ வேண்டும் என்கிறது. 1941 டிசம்பர் 7-இல் தாக்கியது ஜப்பான். அமெரிக்கா தாக்கவில்லை. ஆகவே சட்டப்படி ஜெர்மனிக்கு எந்தக் கட்டாயமும் கிடையாது. அந்தத் தாக்குதலின் நாளையும் இடத்தையும் ஜப்பான் முன்கூட்டி ஜெர்மனியிடம் சொல்லவும் இல்லை.

ஜெர்மனி மட்டும் சொல்லியதா? அந்த வருட வசந்தத்தில் ஜப்பான் வெளியுறவு அமைச்சர் மட்சுவோகா பெர்லின் வந்தார். ரஷ்யா மீதான படையெடுப்புத் திட்டம் அப்போது தயார். ஆனால் அதைப் பற்றி ஜப்பானியருக்கு ஒரு குறிப்பும் கொடுக்கக் கூடாது என்று மார்ச் 5-ஆம் தேதியே ஹிட்லரின் எழுத்து மூல உத்தரவு இருந்தது. மட்சுவோகா திரும்பும் வழியில் மாஸ்கோவில் இறங்கி, ஏப்ரல் 13-இல் ஸ்டாலினுடன் நடுநிலை ஒப்பந்தம் செய்துகொண்டார். வழியனுப்ப ஸ்டாலினே ரயில் நிலையத்துக்கு வந்தார். பத்து வாரத்தில் ஜெர்மனி ரஷ்யாவுக்குள் நுழைந்தது. கூட்டாளி எந்த வீட்டுக்குத் தீ வைக்கப் போகிறான் என்று தெரியாமல் அதே வீட்டுக்காரரோடு சமாதானம் பேசிவிட்டு ஊர் திரும்பியிருக்கிறார் ஒரு வெளியுறவு அமைச்சர்.

அப்படியானால் டிசம்பர் 11-இல் ஹிட்லர் ஏன் போர் அறிவித்தார்? அட்லாண்டிக்கில் அமெரிக்கக் கடற்படை ஏற்கெனவே பிரிட்டிஷ் சரக்குக் கப்பல்களுக்குக் காவல் போய்க்கொண்டிருந்தது. கண்டால் சுடு என்ற உத்தரவை ரூஸ்வெல்ட் செப்டம்பரிலேயே கொடுத்துவிட்டார். எப்படியும் வரப்போகிற போர்தானே, நாமே அறிவித்து நீர்மூழ்கிகளை அவிழ்த்துவிடலாம் என்று ஹிட்லர் கணக்கிட்டார். ஜப்பான் பாதியில் சமாதானம் செய்துகொண்டு விலகிவிடக் கூடாது என்ற கவலையும் இருந்தது. அன்றைக்கே மூன்று நாடுகளும் தனித்தனியாகச் சமாதானம் செய்வதில்லை என்று புதிதாக ஓர் ஒப்பந்தம் போட்டது அதனால்தான்.

எதிர்ப்பக்கம் என்ன செய்தது என்று பாருங்கள். அதே டிசம்பரில் சர்ச்சில் கடல் கடந்து வாஷிங்டன் போனார். ஜெர்மனியை முதலில் வீழ்த்துவது என்பதை உறுதி செய்தார்கள். இரு நாட்டுத் தளபதிகளும் ஒரே மேசையில் உட்காரும் கூட்டுத் தலைமைக் குழு அமைந்தது. அச்சு நாடுகளுக்கு அப்படி ஒரு மேசை கடைசிவரை இல்லை.

டைகர் டாங்கி சிறந்ததா, டி-34 சிறந்ததா?

இது என் துறை இல்லை, தம்பி. ஆயுத வரலாறு படித்தவர்களிடம் கேளுங்கள்.

ஸ்டாலின் முதலில் ஹிட்லரின் கூட்டாளிதானே? பாடப்புத்தகம் இதை ஏன் மறைக்கிறது?

ஆண்டைப் பார்த்துப் பேசுவோம். 1939 ஆகஸ்ட் 23-இல் இருவரும் ஆக்கிரமிப்பு இல்லா ஒப்பந்தம் செய்தார்கள். கூடவே கிழக்கு ஐரோப்பாவைப் பங்கு பிரிக்கும் ரகசியப் பகுதி ஒன்றும் இருந்தது. செப்டம்பர் 1-இல் ஜெர்மனி போலந்துக்குள் நுழைந்தது, 17-இல் சோவியத் நுழைந்தது. இதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் முத்தரப்பு ஒப்பந்தத்தில் சோவியத் கையெழுத்திடவில்லை, பிரிட்டன் மீது போர் அறிவிக்கவும் இல்லை. ‘அச்சு நாடு’ என்ற சொல் பொருந்தாது. ‘பங்காளி’ என்றால் ஒத்துக்கொள்வேன்.

ஹிட்லர் ரஷ்யா மேல் படையெடுக்காமல் இருந்திருந்தால் ஜெயித்திருப்பாரா?

கிழக்கில் நிலம் பிடிப்பதுதான் அவருடைய அரசியலின் மையம், 1920-களிலேயே அதை எழுதி வைத்தவர். அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது வேறொரு மனிதர். நடக்காத போருக்கு என்னால் முடிவு சொல்ல இயலாது.

(பங்காளி என்ற பதிலுக்கு மறுப்பு) ஐயா, நீங்கள் மேற்கத்திய நூல்களை மட்டும் படிக்கிறீர்கள். 1938-இல் மியூனிக்கில் செக்கோஸ்லோவாக்கியாவைத் தாரைவார்த்தது பிரிட்டனும் பிரான்ஸும்தான். ஸ்டாலின் காலம் வாங்கினார், அவ்வளவே.

மியூனிக் பற்றி நீங்கள் சொல்வதை முழுதாக ஏற்கிறேன். சோவியத்தை அந்தக் கூட்டத்துக்கு அழைக்கக்கூட இல்லை. செக்கோஸ்லோவாக்கியாவில் ஒரு துண்டைப் போலந்தும் எடுத்துக்கொண்டது. 1939 ஆகஸ்டில் பிரிட்டிஷ், பிரெஞ்சு ராணுவக் குழு மாஸ்கோவுக்கு அவசரமே இல்லாமல் மெதுவான கப்பலில் போனது. சோவியத் ராணுவமான செஞ்சேனை தன் மண் வழியாகப் போகப் போலந்து சம்மதிக்கவில்லை. இவ்வளவும் உண்மை.

ஆனால் காலம் வாங்குவதற்கு எதிரிக்கு எண்ணெயும் தானியமும் கொடுக்க வேண்டுமா? படையெடுப்புக்குச் சற்று முன்வரை தானிய ரயில்கள் எல்லையைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன. 1940 நவம்பரில் சோவியத் வெளியுறவு அமைச்சர் மோலோடோவ் பெர்லின் போய், முத்தரப்பு அணியில் நான்காவதாகச் சேருவது பற்றிப் பேசினார். நவம்பர் 25-இல் சோவியத் நிபந்தனைகளையும் அனுப்பியது: பின்லாந்திலிருந்து ஜெர்மன் படை வெளியேற வேண்டும், பல்கேரியாவுடன் ஒப்பந்தம் வேண்டும், துருக்கி ஜலசந்தியில் தளம் வேண்டும். ஹிட்லர் பதிலே அனுப்பவில்லை. டிசம்பர் 18-இல் படையெடுப்பு உத்தரவில் கையெழுத்திட்டார். சேரத் தயாராக இருந்தவரைச் சேர்க்க மறுத்தது ஹிட்லர் என்பதுதான் ஆவணங்களில் இருப்பது.

அந்தப் பயணத்தில் ஒரு சம்பவம். பிரிட்டிஷ் விமானங்கள் வந்ததால் ரிப்பன்ட்ராப் மோலோடோவைப் பதுங்கு அறைக்குக் கூட்டிப்போய், பிரிட்டன் ஏற்கெனவே தோற்றுவிட்டது என்றாராம். அப்படியானால் நாம் ஏன் இந்த அறையில் இருக்கிறோம், மேலே விழுவது யாருடைய குண்டு என்று மோலோடோவ் கேட்டாராம். இது ஸ்டாலின் பிற்பாடு சர்ச்சிலிடம் சொன்ன கதை.

இத்தாலி எந்தப் பக்கம்?

எந்த ஆண்டில்? 1940 ஜூனிலிருந்து ஜெர்மனியோடு. 1943 ஜூலை 25-இல் மன்னர் முசோலினியை நீக்கினார், செப்டம்பர் 8-இல் சரணடைவு அறிவிப்பு, அக்டோபர் 13-இல் அதே இத்தாலி ஜெர்மனி மீது போர் அறிவித்தது. வடக்கே ஜெர்மனியின் தயவில் முசோலினி தனி அரசு நடத்தினார். ஒரே நேரத்தில் இரண்டு இத்தாலி.

பின்லாந்து?

முத்தரப்பு ஒப்பந்தத்தில் சேரவில்லை. 1941-இல் ஜெர்மனியோடு சேர்ந்து சோவியத்தை எதிர்த்தது, 1944-இல் விலகி ஜெர்மன் படைகளை விரட்டியது. மறுபடியும் சொல்கிறேன், ஆண்டைப் பாருங்கள்.

ரஷ்யாவைத் தாக்காமல் பிரிட்டனை மட்டும் குறிவைத்திருந்தால்…

மேலே பதில் இருக்கிறது.

அமெரிக்க உதவி இல்லாமலே சோவியத் ஜெயித்திருக்கும் என்கிறார்களே?

சுமார் 2.7 கோடி மக்களை இழந்த நாடு அது. ஜெர்மன் தரைப்படையின் பெரும்பகுதியை உடைத்ததும் அதுதான். அந்த உயிர்களுக்கு ஈடாக எந்தச் சரக்குப் பட்டியலையும் வைக்க மாட்டேன். ஆனால் லெண்ட்-லீஸ் என்ற கடன்-குத்தகைத் திட்டத்தில் சுமார் 1,100 கோடி டாலர் மதிப்புள்ள பொருள் சோவியத்துக்குப் போனது. நாலு லட்சம் லாரி, ஜீப்புகள். சுமார் 1,900 ரயில் எஞ்சின்கள். 1944-இல் செஞ்சேனை அவ்வளவு வேகமாக மேற்கே ஓடியதில் அந்த லாரிகளுக்குப் பெரிய பங்கு உண்டு.

இதில் பலருக்குத் தெரியாதது, அந்தச் சரக்கில் ஏறத்தாழப் பாதி விளாடிவாஸ்டாக் வழியாகப் போனது என்பது. அதாவது ஜப்பானுக்குப் பக்கத்துக் கடல் வழியாக. சோவியத்துக்கும் ஜப்பானுக்கும் நடுநிலை ஒப்பந்தம் இருந்ததால், சோவியத் கொடி கட்டிய கப்பல்கள் ஆயுதம் தவிர்த்த சரக்கை ஏற்றிக்கொண்டு ஜப்பான் கண்ணெதிரே கடந்தன. ஜெர்மனியை வீழ்த்தப்போகும் உணவும் லாரியும் ஜெர்மனியின் கூட்டாளி வாசல் வழியாகப் போயின! மட்சுவோகா மாஸ்கோவில் போட்ட கையெழுத்தின் விலை இது.

(மூன்றாவது நபர், அதே விவாதம்) பங்கு பிரித்தது பழைய கதை. 1941-க்குப் பிறகு ஸ்டாலின் நேச அணிக்கு உண்மையாக இருந்தாரா இல்லையா?

நல்ல கேள்வி, விவாதம் இப்போதுதான் சரியான இடத்துக்கு வருகிறது. போரிடுவதில் உண்மையாக இருந்தார். 1943-இல் டெஹ்ரான் மாநாட்டில் ரூஸ்வெல்ட்டிடமும் சர்ச்சிலிடமும் சொன்னபடி, ஜெர்மனி வீழ்ந்தபின் ஜப்பான் மீது போர் தொடுத்தார். 1945 யால்டா மாநாட்டில், ஜெர்மனி வீழ்ந்து மூன்று மாதத்துக்குள் என்று கெடு வைத்தார்கள், 1945 ஆகஸ்ட் 8-இல் அறிவித்தார்.

போலந்து விஷயத்தில் இல்லை. 1940-இல் ரஷ்யாவில் காட்டின் (Katyn) என்ற வனப்பகுதியிலும் வேறு இடங்களிலும் சுமார் 22,000 போலந்துக் கைதிகளைச் சோவியத் ரகசியப் போலீஸ் சுட்டுக் கொன்றது. 1943-இல் ஜெர்மானியர் புதைகுழியைக் கண்டுபிடித்து அறிவித்தபோது, லண்டனில் இருந்த போலந்து அரசு செஞ்சிலுவைச் சங்க விசாரணை கேட்டது. ஸ்டாலின் அந்த அரசோடு உறவையே முறித்தார். ரூஸ்வெல்ட்டும் சர்ச்சிலும் வாய் திறக்கவில்லை. மாஸ்கோ உண்மையை ஒப்புக்கொண்டது 1990-இல். யாரைக் காப்பாற்றப் போர் தொடங்கியதோ அந்த நாட்டின் பிணங்களை மறைத்துத்தான் கூட்டணி காப்பாற்றப்பட்டது. இதை எழுதும்போது எனக்கு இன்றும் மனம் கனக்கிறது. இந்த விவாதத்தை இதோடு நிறுத்திக்கொள்கிறேன், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

இந்தியா எந்த அணி? நேதாஜி அச்சு நாடுகளோடு இருந்தாரே?

இரண்டும் நடந்தது. 1939 செப்டம்பர் 3-இல் வைஸ்ராய் லின்லித்கோ யாரையும் கேட்காமல் இந்தியாவைப் போரில் சேர்த்தார். 1942 ஜனவரியில் 26 நாடுகள் வெளியிட்ட ஐக்கிய நாடுகள் பிரகடனத்தில், சுதந்திரம் பெறாத இந்தியாவின் கையெழுத்தும் உண்டு. சுமார் 25 லட்சம் இந்தியர் பிரிட்டிஷ் இந்தியப் படையில் இருந்தார்கள்.

நேதாஜி 1942 மே மாதம் ஹிட்லரைச் சந்தித்து, சுதந்திர இந்தியாவை ஆதரித்து ஒரு பிரகடனம் கேட்டார். கிடைக்கவில்லை. நீர்மூழ்கியில் கிழக்கே வந்து, 1943 அக்டோபர் 21-இல் சிங்கப்பூரில் ஆசாத் ஹிந்த் அரசை அறிவித்தார். மலாயா ரப்பர் தோட்டத்துத் தமிழர்கள் ஆணும் பெண்ணுமாகத் திரண்டு அவருடைய இந்திய தேசியப் படையில் சேர்ந்தார்கள். அந்தமானை ஒப்படைக்கிறோம் என்று ஜப்பான் அறிவித்தது, ஆனால் அங்கே நிர்வாகம் ஜப்பான் கடற்படை கையிலேயே இருந்தது. நேதாஜிக்குத் தேவைப்பட்டது விடுதலை. அவருடைய கூட்டாளிகளுக்குத் தேவைப்பட்டது பிரிட்டனுக்கு ஒரு தலைவலி. இதைப் பிரித்துப் பார்க்காமல் அவரை ‘அச்சு நாட்டுத் தலைவர்’ என்று எழுதுவது தவறு.

ரஷ்யாவில் குளிர் மட்டும் இல்லாதிருந்தால் ஹிட்லர்…

மூன்றாவது தடவை. குளிர் இரண்டு பக்கத்துக்கும் ஒன்றுதான். மேலே படியுங்கள்.

என் பாட்டனார் பினாங்குப் பக்கம் தோட்டத்தில் வேலை பார்த்தவர். சயாம் ரயில் வேலைக்கு ஜப்பானியர் கூட்டிப்போனார்கள், திரும்பவில்லை. அவர் பெயர் எங்காவது இருக்குமா?

ஐயா, இதற்கு நல்ல செய்தி சொல்ல முடியவில்லையே என்று வருந்துகிறேன். சயாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்குப் போட்ட அந்த 415 கிலோமீட்டர் பாதையில் நேச நாட்டுப் போர்க்கைதிகள் சுமார் 12,000 பேர் இறந்தார்கள். தாய்லாந்தின் காஞ்சனபுரியில் அவர்களில் பலருக்குப் பெயர் பொறித்த கல்லறை இருக்கிறது. அவர்களைவிடப் பல மடங்கு இறந்தவர்கள் தமிழர், பர்மியர், மலாய்க்காரர் போன்ற ஆசியத் தொழிலாளர்கள். ராணுவத்தில் இருந்தவர்களுக்கு ஆள் பட்டியல் இருந்தது, இவர்களுக்கு அப்படி இல்லை. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியலிலும் இவர்களைத் தேட முடியாது. தோட்டத்தின் பெயர், கங்காணியின் பெயர், கூட்டிப்போன மாதம், கூடப் போனவர்களின் பெயர், வீட்டில் பெரியவர்கள் யாருக்காவது நினைவிருந்தால் இந்த வாரமே கேட்டு எழுதிவையுங்கள். தோட்டத்தின் பெயர் கிடைத்தால் எனக்கும் சொல்லுங்கள். சேர்ந்து தேடுவோம்.