வெள்ளைக்கழிச்சல்: மருந்து கொடுத்தும் கோழி செத்தது ஏன்?
அண்ணா, லசோட்டா தடுப்பு மருந்தைக் குழாய்த் தண்ணீரில் கலந்து வைத்தும் 5ஆம் நாளே ஓமலூர்க் கொட்டகையில் நாட்டுக்கோழிகள் வெள்ளைக்கழிச்சல் (ராணிக்கெட்) நோயில் விழுந்தன என்று எழுதியிருக்கிறீர்கள். படிக்கவே மனசு கனத்தது.

லசோட்டா உயிருள்ள, வீரியம் குறைந்த வைரஸ். கோழி உடம்புக்குள் அது பெருகினால்தான் எதிர்ப்புச் சக்தி உருவாகும். குழாயில் வருவது குளோரின் போட்ட மேட்டூர்த் தண்ணீர் என்றால், கலந்த பாத்திரத்திலேயே வைரஸ் செத்திருக்கும். அடுத்த முறை சுத்தமான கிணற்றுத் தண்ணீர் எடுங்கள்.

சரி, மருந்து நன்றாக இருந்திருந்தாலும் முழு எதிர்ப்பு வர இரண்டு வாரம் ஆகும். 5ஆம் நாளில் விழுந்த கோழிக்குள் நோய் முன்பே புகுந்திருக்கலாம்.

குஞ்சுகளுக்குப் பொரித்த 7ஆம் நாள் கண்ணில் ஒரு சொட்டு லசோட்டா விடுவதுதான் நம்பகம். விட்டதும் கையை எடுக்காதீர்கள். குஞ்சு கண்ணைச் சிமிட்டி, சொட்டு உள்ளே இறங்கட்டும். தாயிடமிருந்து முட்டை வழியாக வந்த எதிர்ப்பு, இந்த முதல் மருந்தைக் கொஞ்சம் மழுங்கடிக்கும். அதனால் 28ஆம் நாள் மறுபடி லசோட்டா, 8ஆம் வாரம் இதே நோய்க்கான ஆர் டூ பி தடுப்பூசி, இரண்டையும் விட்டுவிடாதீர்கள். மருந்தை ஐஸ் போட்ட தெர்மாஸில்தான் கொண்டுவர வேண்டும்.

அப்புறம், செத்த கோழிகளைச் சரபங்கா ஆற்று ஓரம் வீசாமல் சுண்ணாம்பு போட்டு ஆழப் புதையுங்கள்.