முட்டுவலிக்கு எக்சோசோம் ஊசி

அன்புள்ள அண்ணனுக்கு,

எங்கள் அம்மை 30 வருடம் ரப்பர் பால் வெட்டினவள். இப்போது இரண்டு முட்டும் தேய்ந்துவிட்டது. சர்ச்சில் முழங்காலிட முடியாமல் பெஞ்சிலேயே இருக்கிறாள். பக்கத்து ஊர் கிளினிக்கில் 'எக்சோசோம் ஊசி' போட்டால் தேய்ந்தது வளரும் என்கிறார்கள். ஒரு முட்டுக்கு 60,000 ரூபாய். பத்து சென்ட் நிலத்தை ஒற்றி வைக்கலாமா என்று யோசிக்கிறோம். எக்சோசோம் என்றால் உண்மையில் என்ன? போடலாமா?

ர., குலசேகரம்

அன்புள்ள தம்பி,

போட வேண்டாம். நிலத்தையும் ஒற்றி வைக்க வேண்டாம். ஆனால் எக்சோசோம் என்பது கட்டுக்கதை அல்ல. அதனால்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல நினைக்கிறேன்.

உங்கள் அம்மா சிரட்டையில் பிடித்த பாலை எடுத்துக்கொள்ளுங்கள். பார்க்க வெறும் வெள்ளைத் திரவம். உள்ளே ரப்பர் நுண்ணுருண்டைகள் கோடிக்கணக்கில் மிதக்கின்றன. கொழுப்பும் புரதமும் சேர்ந்த மெல்லிய உறை ஒவ்வொன்றையும் மூடியிருப்பதால்தான் அவை ஒட்டிக்கொள்ளாமல் இருக்கின்றன. ஆசிட் விட்டதும் உறைந்து ஷீட் ஆகின்றன. நம் ரத்தத்திலும் சிறுநீரிலும் எச்சிலிலும் தாய்ப்பாலிலும் இப்படி உறை போட்ட துளிகள் மிதக்கின்றன. செல்கள் தங்களுக்குள் உருவாக்கி வெளியே விடுபவை. அவைதான் எக்சோசோம்கள். அளவு 30 முதல் 150 நானோமீட்டர். ஒரு தலைமுடியின் குறுக்கே ஏறக்குறைய ஆயிரத்தை அடுக்கலாம்.

1983-ல் கனடாவில் ரோஸ் ஜான்ஸ்டோன் குழுவும் அமெரிக்காவில் பிலிப் ஸ்டால் குழுவும் இதைக் கண்டார்கள். சிவப்பணு முதிரும்போது, இரும்பை உள்ளே வாங்கும் புரதம் அதற்குத் தேவைப்படாமல் போகிறது. அதை இந்தத் துளிகளில் கட்டி வெளியே தள்ளிவிடுகிறது. சரி, செல் குப்பை கொட்டுகிறது என்றுதான் ரொம்ப காலம் நினைத்திருந்தார்கள். 2007-ல் ஸ்வீடனில் யான் லோட்வால் குழு, துளிக்குள் ஆர்.என்.ஏ., அதாவது எந்தப் புரதத்தைச் செய்ய வேண்டும் என்று செல்லுக்குச் சொல்லும் குறிப்பு, இருப்பதைக் காட்டியது. சுண்டெலிச் செல் விட்ட துளிகளை மனிதச் செல்லுக்குக் கொடுத்தபோது, மனிதச் செல் சுண்டெலியின் புரதத்தைச் செய்தது! முதன்முதலில் இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. குப்பை என்று நினைத்தது கடிதமாக இருந்திருக்கிறது.

கடிதம் என்றால் நல்ல சேதியும் வரும், கெட்ட சேதியும் வரும். என் சித்தியோடு திருவனந்தபுரம் ஆர்.சி.சி. புற்றுநோய் மருத்துவமனை வராந்தாவில் பல நாள் காத்திருந்திருக்கிறேன். "மாரில இருந்தது எப்பிடிலே நெஞ்சுக்குள்ள போச்சு?" என்று கேட்டாள். அன்று என்னிடம் பதில் இல்லை. 2015-ல் அமெரிக்காவில் டேவிட் லைடன் குழு அதில் ஒரு பகுதியைச் சொன்னது. புற்றுச்செல் விடும் எக்சோசோமின் மேல் இன்டெக்ரின் என்ற புரதம் இருக்கிறது. அதில் ஒரு வகை இருந்தால் துளி நுரையீரலுக்குப் போகிறது, வேறு வகை இருந்தால் கல்லீரலுக்கு. போய், பின்னால் வரும் புற்றுச்செல் குடியேற இடம் ஒருக்கி வைக்கிறது.

உங்கள் கேள்விக்கான பதில் இதில்தான் இருக்கிறது. ரப்பர் பாலில் எல்லா உருண்டைக்குள்ளும் ரப்பர்தான். எக்சோசோம் அப்படி இல்லை. எந்தச் செல் விட்டது, அப்போது அது என்ன நிலையில் இருந்தது என்பதைப் பொறுத்து உள்ளே இருப்பது மாறும். 'எக்சோசோம் ஊசி' என்றால் உறையின் பெயர் மட்டும்தான் நமக்குத் தெரிகிறது. டி.ஆர்.சி. (பாலில் உலர்ந்த ரப்பர் எத்தனை சதவீதம் என்ற கணக்கு) பார்க்காமல் பாலுக்கு யாராவது விலை போடுவார்களா? அம்மாவின் முட்டுக்குள் போகிற மருந்துக்கு அதைவிடப் பெரிய பரிசோதனை வேண்டாமா?

முட்டுத் தேய்மானத்துக்கு எக்சோசோம் பயன்படுமா என்ற ஆராய்ச்சி உண்மையாகவே நடக்கிறது. விலங்குகளில் குருத்தெலும்புச் சேதம் குறைந்திருக்கிறது. அங்கிருந்து உங்கள் அம்மாவின் முட்டு வரை வர இன்னும் வேலை இருக்கிறது. அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாநிலத்தில் இப்படி ஊசி போட்டவர்களுக்குக் கடுமையான பாதிப்பு வந்து, 2019 டிசம்பரில் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எச்சரிக்கை விட்டது. அனுமதி பெற்ற எக்சோசோம் மருந்து ஒன்றுகூட இல்லை என்றும் அதில் சொன்னார்கள்.

'இது ஆராய்ச்சிதான்' என்று கிளினிக்கில் சொன்னால், இந்திய மருத்துவ ஆய்வுகளின் பதிவேட்டு எண்ணைக் கேளுங்கள். இணையத்தில் யாரும் பார்க்கலாம். ஆராய்ச்சியில் சேர்கிறவரிடம் மருந்துக்குக் காசு வாங்குவது முறையில்லை.

அப்புறம், வலிக்கு இப்போதே செய்யக்கூடியவை உண்டு. தொடைத் தசையைப் பலப்படுத்தும் பயிற்சி, எடை கூடுதல் என்றால் குறைப்பது, டாக்டர் சொல்லும் வலி மருந்து; எதிலும் தீரவில்லை என்றால் முட்டு மாற்று அறுவை. பயிற்சியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். முட்டு தாங்கும் பாரத்தில் ஒரு பங்கைத் தொடை வாங்கிக்கொள்ளும். ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜில் எலும்புப் பிரிவு ஓ.பி.க்குக் காலையிலேயே கூட்டிக்கொண்டு போங்கள். பழைய எக்ஸ்ரேயையும், இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகளையும் எடுத்துப் போங்கள். டாக்டர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அண்ணன்