வேகாத பயறும் நன்றியுணர்வும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

குளிர்காலம் தொடங்கியதிலிருந்து பொழுது சாய்ந்தாலே மனம் சோர்ந்துவிடுகிறது. தனியாக இருக்கிறேன். வீட்டில் நிதானமாகச் சமைத்தால் மனம் ஆறும், இருப்பதற்கெல்லாம் நன்றி சொல்லத் தோன்றும் என்று பலரும் எழுதுவதைப் படித்துவிட்டு ராஜ்மா சூப் வைத்தேன். இரவே ஊறவைத்த பயறு, தக்காளி, கேரட், வெங்காயம், உப்பு எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு இரண்டு மணி நேரம் கொதிக்கவிட்டும் பயறு நறுக்கென்று கடிபட்டது. சாறு தண்ணீராக நின்றது. நன்றி வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. தவறு சமையலிலா, என்னிடமா? ஒரு ஆளுக்காக இவ்வளவு மெனக்கெடத்தான் வேண்டுமா?

எம்.

அன்புள்ள எம்.,

தவறு தக்காளியில். புளிப்பு சேர்ந்த நீரில் பயறு இளகாது; அதன் செல்சுவரைப் பிடித்து வைத்திருக்கும் பெக்டின் கரைய மறுக்கும். பயறு முழுக்க வெந்த பிறகுதான் தக்காளி, எலுமிச்சை எல்லாம் உள்ளே போக வேண்டும். உப்பின் மேலும் பழி போடுவார்கள், அதை நம்பாதீர்கள். ஊறவைக்கும் தண்ணீரில் லிட்டருக்கு 15 கிராம் உப்பு போட்டால் தோல் சீக்கிரம் இளகும். தோலை இறுக்கிப் பிடித்திருக்கும் கால்சியத்தின் இடத்தைச் சோடியம் எடுத்துக்கொள்வதே காரணம்.

மனதைப் பற்றிக் கேட்டீர்கள், நான் பயறைப் பற்றிப் பேசுகிறேன். காரணம் இருக்கிறது. நன்றியுணர்வை வரவழைக்கவென்று அடுப்பை மூட்டினால் அது வராது. சாப்பாடு சரியாக அமைந்தால் அதுவாக வரும், சில நாள் வராமலும் போகும். அதனால் முதலில் பாத்திரத்தைச் சரிசெய்வோம்.

250 கிராம் பயறை 8 முதல் 12 மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, அலசி, ஒன்றரை லிட்டர் புதுத் தண்ணீரில் போடுங்கள். முதல் 10 நிமிடம் தளதளவென்று கொதித்தே ஆக வேண்டும். 30 நிமிடம் என்றால் இன்னும் நல்லது. பச்சை ராஜ்மாவில் இருக்கும் லெக்டின் என்னும் புரதம் வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாக்கும், கொதிநிலையில்தான் அது செயலிழக்கும். ஸ்லோ குக்கரின் குறைந்த சூடு இதற்குப் போதாது. பிரஷர் குக்கரில் அந்தக் கவலை இல்லை, வேலையும் சீக்கிரம் முடியும். ஆனாலும் குளிர்கால மாலைக்கு நான் திறந்த பாத்திரத்தின் கட்சி. வாசனை வீடெங்கும் பரவும், நடுவில் ஒரு கரண்டி எடுத்து ருசி பார்க்கலாம், 20 நிமிடத்துக்கு ஒரு முறை எட்டிப் பார்த்தால் போதும். நீங்கள் தேடும் ஆறுதலில் பாதி இந்த இடைவெளியில்தான் இருக்கிறது: ஏதோ ஒன்று நடந்துகொண்டிருக்கிறது, உங்களை அவசரப்படுத்தவில்லை.

கொதித்தபின் தீயைக் குறைத்து, அரைமூடி போட்டு 60 முதல் 90 நிமிடம். ஒரே ஒரு பயறை நசுக்கிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். எல்லாம் ஒரே நேரத்தில் வேகாது. ஐந்தாறை எடுத்து, எல்லாமே விரலில் மசிந்தால்தான் வெந்ததாகக் கணக்கு.

இடையில் தனி வாணலியில் இரண்டு வெங்காயத்தைப் பொடியாக நறுக்கி, இரண்டு மேசைக்கரண்டி எண்ணெயில் சிறுதீயில் வதக்குங்கள். அரைமணி நேரம் பிடிக்கும். ‘பத்து நிமிடத்தில் பொன்னிறம்’ என்று எழுதும் சமையல் குறிப்புகள் பொய் சொல்கின்றன. பத்து நிமிடத்தில் கண்ணாடி போல ஆகும், அவ்வளவுதான். தீயைக் கூட்டினால் ஓரம் கருகி நடு பச்சையாக இருக்கும். அடி பிடித்தால் ஒரு கரண்டி தண்ணீர் விட்டுச் சுரண்டுங்கள், அந்தப் பழுப்பில்தான் சுவை இருக்கிறது. பிறகு பூண்டு ஒரே நிமிடம், இரண்டு தக்காளி கரையும்வரை, கேரட். எல்லாவற்றையும் வெந்த பயறோடு சேர்த்து இன்னும் 20 நிமிடம்.

சாறு தண்ணீராக நின்றதற்கு மாவு கரைத்து ஊற்ற வேண்டியதில்லை. ஒரு கப் பயறை எடுத்து மசித்துத் திரும்பப் போடுங்கள், அதன் ஸ்டார்ச்சே கெட்டியாக்கிவிடும். மீதி உப்பைக் கடைசியில் போடுங்கள், வற்ற வற்றக் கரிப்பு ஏறும். மொத்த எடையில் ஒரு சதவீதத்தை ஒட்டி உப்பு இருந்தால் பெரும்பாலோருக்குப் பிடிக்கும். உப்பு சரியாக இருந்தும் சப்பென்று இருந்தால், இறக்கியபின் ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு. பரிமாறும் கிண்ணத்தில் ஒரு நிமிடம் வெந்நீர் ஊற்றி வைத்துக் கொட்டிவிட்டு சூப்பை ஊற்றுங்கள், இல்லாவிட்டால் குளிரில் பாதி சாப்பிடும் முன்பே ஆறிப்போகும்.

ஒரு ஆளுக்கு எதற்கு என்கிறீர்கள். இது ஐந்து வேளைக்கு வரும், அதுதான் நோக்கமே. வேலை முடிந்து களைத்து வரும் ஒரு நாளில் ஃப்ரீசரில் ஒரு டப்பா இருப்பது தெரிந்தால் வரும் நிம்மதியை, தினமும் மூன்று நன்றிகள் எழுதும் நோட்டுப்புத்தகத்தைவிட நான் மேலாக மதிப்பேன். ஒரு டப்பா பக்கத்து வீட்டுக்கும் போகலாம்.

ஆனால் பெரிய பாத்திரத்தோடு இரவு முழுக்க மேடையில் விடாதீர்கள், வீடு எவ்வளவு குளிர்ந்திருந்தாலும். நடுப்பகுதி பல மணி நேரம் வெதுவெதுப்பாகவே இருந்து கிருமி பெருக இடம் கொடுக்கும். 60 டிகிரியிலிருந்து 21 டிகிரிக்கு இரண்டு மணி நேரத்துக்குள்ளும், அடுத்த நான்கு மணி நேரத்துக்குள் 5 டிகிரிக்கும் இறங்க வேண்டும். ஆழமில்லாத டப்பாக்களில் பிரித்து ஊற்றினாலே இது நடக்கும். ஃப்ரிட்ஜில் மூன்று நான்கு நாள், ஃப்ரீசரில் இரண்டு மூன்று மாதம். உறையும்போது விரியும், மேலே இரண்டு சென்டிமீட்டர் இடம் விடுங்கள்.

இன்னொன்று, ஜன்னலை அடைத்துக்கொண்டு குளிர்காய்வதற்காக கேஸ் அடுப்பை எரியவிடாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

மீதிப் பயறைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஒரு கைப்பிடி ஊறவைத்து, ஒரு சிட்டிகை சமையல் சோடா சேர்த்து, தக்காளி இல்லாமல் வேகவைத்துப் பாருங்கள். சோடா கூடினால் சோப்பு வாடை வரும், கவனம். இரண்டு மணி நேரத்துக்குப் பிறகும் கடிபட்டால் அது வெப்பத்திலும் ஈரத்திலும் நெடுநாள் கிடந்த பழைய சரக்கு. வேறு பாக்கெட் வாங்கிவிடுங்கள்.