கண்மாய்ச் சேற்றில் உள்ளான்களுக்கு என்ன கிடைக்கிறது?

கேள்வி: சிவகங்கைப் பக்கம் எங்கள் ஊர்க் கண்மாயில் மாசி, பங்குனியில் தண்ணீர் வற்றும்போது சின்னச் சின்னப் பறவைகள் கூட்டமாக வந்து நாள் முழுக்கச் சேற்றைக் கொத்துகின்றன. கிட்டே போய்ப் பார்த்தால் வெறும் சேறுதான். எதைத் தின்கின்றன? பொரியும் அரிசியும் தூவலாமா என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். ஊர் சார்பில் வேறு ஏதாவது செய்ய முடியுமா?

பதில்: பொரி வேண்டாம். அதைக் காக்கையும் மைனாவும் நாயும் தின்றுவிடும். நீங்கள் பார்க்கும் உள்ளான்களில் (சேற்றில் இரை தேடும் கரைப்பறவைகள்) பெரும்பாலானவை அதைச் சீண்டாது. விதிவிலக்கு உண்டு. பேதை உள்ளானும் கருவால் மூக்கனும் அறுத்த வயலில் சிந்திய நெல்லைப் பொறுக்கும். அதற்கு வயலே போதும்.

சேற்றுக்கு வருவோம். பறவைகள் கொத்திய இடத்திலேயே, தண்ணீர் ஓரத்தில், மேலாக நான்கு விரல் ஆழத்துக்கு ஒரு டம்ளர் சேறு எடுக்கச் சொல்லுங்கள். டீ வடிகட்டியில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு அலசி, மிஞ்சுவதை வெள்ளைத் தட்டில் தண்ணீரோடு கொட்டுங்கள். ஒரு சென்டிமீட்டர் நீளத்தில், ரத்தச் சிவப்பில், எட்டுப் போட்டு நெளிகிற புழுக்கள் அனேகமாகத் தென்படும். மாலையில் தெருவிளக்கை மொய்க்கிற, கொசு மாதிரியே இருந்தும் கடிக்காத ஒரு பூச்சி இருக்கிறதே, அதன் இளம்புழுக்கள் இவை. மீன்தொட்டிக் கடைகளில் ‘பிளட்வார்ம்’ என்று விற்பதும் இவற்றைத்தான்.

சிவப்புக்குக் காரணம் ஹீமோகுளோபின். ஆக்சிஜன் குறைந்த, நாற்றமடிக்கும் கறுப்புச் சேற்றில் மற்ற பூச்சிகள் திணறும்போது இது தாக்குப்பிடிப்பது அதனால்தான். அழுகிய இலை தழை, பாசி, மாட்டுச் சாணம் எல்லாம் இதற்கு உணவு. நம் வெப்பத்தில் முட்டை பூச்சியாகச் சில வாரங்களே ஆகும் என்பதால் தின்னத் தின்ன அடுத்த தலைமுறை வந்துகொண்டிருக்கும். நம் ஊரில் மட்டும் இப்படி இல்லை. அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில், கடலிலிருந்து வெகுதூரம் உள்ளே இருக்கும் செயன் பாட்டம்ஸ் சதுப்புநிலத்தில் இறங்கும் கரைப்பறவைகளுக்கும் இந்தக் குடும்பத்துப் புழுக்களே முக்கிய இரை.

இதோடு நீர்வண்டுகளும் அவற்றின் புழுக்களும், சிறு நத்தைகள், தட்டான் இளம்புழு, நூல் போன்ற சேற்றுப்புழுக்கள், கோரை விதைகள் என்று பட்டியல் நீளும். எது எதைத் தின்னும் என்பதை அலகும் காலும் தீர்மானிக்கின்றன. பட்டாணி உப்புக்கொத்தி கண்ணை நம்பும் பறவை. ஓடும், நிற்கும், மேலே ஏதாவது அசைந்தால் கொத்தும். கோரை உள்ளானுக்குக் கண் வேலை குறைவு. அதன் நீண்ட அலகின் நுனியில் தொடு உணர்வுக் குழிகள் நிறைந்திருக்கும். சேற்றுக்குள் செருகிய நிலையிலேயே நுனியை மட்டும் திறந்து மண்புழுவைக் கவ்விவிடும். பச்சைக்காலி ஆழமில்லாத தண்ணீரில் ஓடி மீன்குஞ்சைப் பிடிக்கும். நெடுங்கால் உள்ளான் முழங்கால் தண்ணீரில் நின்று நீந்தும் பூச்சிகளைப் பொறுக்கும். உங்கள் கூட்டத்தில் ஆகச் சின்னதாக, தலை நிமிராமல் தையல் மிஷின் ஊசி போலக் கொத்துவது கொசு உள்ளானாக இருக்கும். எடை 25 கிராம் அளவுதான். அது முட்டையிடுவது ரஷ்யாவின் வடகோடித் துருவச் சமவெளியில். பங்குனி, சித்திரையில் அவ்வளவு தூரம் திரும்ப வேண்டிய கொழுப்பை இப்போதே சேர்த்தாக வேண்டும், அதனால்தான் அந்த அவசரம்.

இனி ஊர் செய்யக்கூடியது. கண்மாய் நிறையப் புழு இருந்தாலும் பறவைக்கு எட்டுவது தண்ணீர் ஓரத்தில் ஈரமும் மென்மையுமாக இருக்கிற குறுகிய பட்டை மட்டும்தான். கொசு உள்ளானின் அலகு இரண்டு சென்டிமீட்டர்கூட இல்லை, காலும் குட்டை. ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் தண்ணீர் நின்றால் அதற்கு அங்கே வேலையில்லை. மண் காய்ந்து இறுகினாலும் அலகு இறங்காது. தண்ணீர் மெல்ல வற்றினால் அந்தப் பட்டை தினமும் கொஞ்சம் நகர்ந்து புதுச் சேற்றைத் திறந்துவிடும். மீன்பாசி குத்தகை (கண்மாயில் மீன் பிடிக்கும் உரிமை) முடிகிற நேரத்தில் மோட்டார் வைத்து இரண்டு மூன்று நாளில் இறைத்துவிட்டால், கண்மாயின் உள்வாய், அதாவது தண்ணீர் நின்ற உள்பரப்பு, முழுவதும் ஒரே சமயத்தில் வெடித்துக் கிடக்கும். குத்தகைக்காரரைக் குறை சொல்லவில்லை, அவர் போட்ட முதலை எடுக்க வேண்டும். ஏலம் விடும்போதே, கடைசித் தண்ணீரை இரண்டு மூன்று வாரத்தில் படிப்படியாக இறக்கவும் பள்ளத்தில் கொஞ்சம் விட்டுவைக்கவும் பேசி முடித்துக்கொள்ளலாம். மீன்குஞ்சு விடும்போதும் ஒன்றைக் கவனியுங்கள்: சாதாக் கெண்டையும் மிர்காலும் அடிச்சேற்றைக் கிளறி இதே புழுவையும் தின்னும்.

என்னைக் கேட்டால், மோட்டாரைவிடப் பெரிய கெடுதல் ஜேசிபி வெட்டும் குழிகள். வண்டல் அள்ளட்டும், வயலுக்கு நல்லது. ஆனால் செங்குத்தாக வெட்டிய குழியில் தண்ணீர் வற்றினாலும் ஓரப் பட்டை உருவாகாது. ஆழமாகத் தோண்டாமல் பரவலாக வழித்தெடுத்து, விளிம்பைச் சரிவாக்கிவிடச் சொல்லுங்கள். உள்வாயில் சீமைக்கருவேலம் அடர்ந்தால் இந்தப் பறவைகள் இறங்கவே தயங்கும், நாலு பக்கமும் தெரியாத இடத்தில் அவற்றுக்குப் பயம். மருந்தடித்த ஸ்பிரேயரைக் கண்மாயில் கழுவக் கூடாது, பூச்சிக்கொல்லி இந்தப் புழுவையும் கொல்லும். மாடு மேய்வதைத் தடுக்க வேண்டாம். சாணம் புழுவை வளர்க்கும், குளம்புத் தடத்தில் தண்ணீர் கொஞ்ச நாள் கூடுதலாக நிற்கும். மீன்பிடித் திருவிழாவில் ஒருநாள் சேறு மிதிபடுவதைப் பற்றியும் கவலை வேண்டாம்.

செத்து மிதக்கும் மீன்களை மட்டும் அப்படியே விடாதீர்கள். 2019 நவம்பரில் ராஜஸ்தானின் சாம்பார் ஏரியில் பறவைகள் ஆயிரக்கணக்கில் மடிந்தன. காரணம் பாட்டுலிசம் என்ற நச்சு நோய் என்று பரேலியிலுள்ள இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனம் உறுதி செய்தது. சேற்றில் இருக்கும் ஒரு பாக்டீரியா, அழுகும் உடலுக்குள் நஞ்சைச் சுரக்கிறது. அந்த உடலில் வளரும் ஈப்புழுவுக்கு அதனால் ஒன்றும் ஆகாது, ஆனால் அதைத் தின்னும் பறவை செத்து, அதன் உடலிலும் புழு வைக்கும். அதனால் செத்த மீனையும் பறவையையும் அன்றன்றே எடுத்து, தண்ணீர் வராத மேட்டில் ஆழமாகப் புதைத்துவிடுங்கள். கழுத்தும் இறக்கையும் தொங்கிப்போய் எழ முடியாமல் பறவைகள் கிடந்தால், வெறுங்கையால் தொடாமல் வனத்துறைக்கும் கால்நடை மருத்துவருக்கும் உடனே சொல்லுங்கள்.