ஸ்கீபைக்கோட சேர்லிஃப்ட்ல ஏற முடியுமா?
ஸ்கீபைக்னா சக்கரத்துக்குப் பதிலா ஸ்கீ (பனில சறுக்குற பலகை) மாட்டின சைக்கிள் மாதிரி ஒண்ணு, சேர்லிஃப்ட்னா கம்பில தொங்கிட்டே மலை மேல ஏத்திட்டுப் போற நாற்காலி. தாராளமா முடியும், ஆனா அந்த ஸ்கீ ரிசார்ட் ஸ்கீபைக்கை அனுமதிக்கணும், டிக்கெட் வாங்கறதுக்கு முன்னாடியே இதை கேட்டுடுங்க. அமெரிக்காவுல கொலராடோ மாநிலத்துல இருக்கிற பர்கடரி ரிசார்ட் மாதிரி இடங்கள்ல வாடகைக்கே தர்றாங்க, சில மலைகள்ல உள்ளயே விடமாட்டாங்க.

முக்கியமான விஷயம் லீஷ், அதாவது பைக்கையும் உங்களையும் சேர்த்து கட்டுற பட்டை. இது இல்லாம லிஃப்ட் பக்கமே போகாதீங்க, மேலேருந்து பைக் கை நழுவி விழுந்தா கீழ ஸ்கீ பண்றவங்க தலைலதான் விழும், விளையாட்டு இல்ல.

ஏறும்போது பைக்கை ஒரு பக்கமா தள்ளிட்டு லைனுக்கு வாங்க, சேர் வந்து முட்டியைத் தொடுறப்போ பைக்கைத் தூக்கி பக்கத்து சீட்டுலயோ மடிலயோ வச்சு ஹேண்டில்பாரை கெட்டியா பிடிச்சுக்கணும். முதல் தடவைன்னா ஆபரேட்டர்கிட்ட "கொஞ்சம் ஸ்லோ பண்ணுங்க"ன்னு சொல்லுங்க, பண்ணுவாங்க, கூச்சமே வேணாம். இறங்குறதுதான் உண்மையில கஷ்டம், முன் ஸ்கீ நேரா பாக்குற மாதிரி பைக்கை முதல்ல பனில இறக்கிட்டு அதோடயே எழுந்து நகர்ந்துடணும், நின்னு யோசிச்சா பின்னாடி வர்ற சேர் இடிச்சிடும்.

கொண்டோலா, அதாவது கம்பில போற மூடின கேபின், இருந்தா கவலையே இல்ல, பைக்கை உள்ள எடுத்துட்டுப் போய் உக்காந்துக்கலாம், புதுசா கத்துக்கிறவங்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன்.